பச்சை விளக்கு எரிந்தால் போதுமா? அலுவலகத்தின் புதிய சுவிட்சைப் பாதுகாப்பாக அமைப்பது எப்படி

அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு நெட்வொர்க் சுவிட்ச் வந்திருக்கிறது. அதைப் பொருத்த வந்தவர் பெட்டியைப் பிரிக்கிறார். பழைய சுவிட்சிலிருந்து கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதியதில் செருகுகிறார். மின் இணைப்பைக் கொடுக்கிறார். சில நிமிடங்களில் அதன் முகப்பில் பச்சை விளக்குகள் வரிசையாகச் சிமிட்டத் தொடங்குகின்றன. கணக்குப் பிரிவில் இணையம் வருகிறது, பிரிண்டர் இயங்குகிறது, கண்காணிப்புக் கேமராவின் படம் தெரிகிறது. “எல்லாம் சரியாக வேலை செய்கிறது, சார்” என்று கூறி, பில்லில் கையொப்பம் பெற்றுக்கொண்டு அவர் விடைபெறுகிறார்.

அவர் கூறியதில் பொய் இல்லை. சுவிட்ச் நன்றாகவே வேலை செய்கிறது. எவர் செருகினாலும், எந்தப் போர்ட்டில் செருகினாலும், மறுப்பின்றி வேலை செய்கிறது. நாம் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான். தொழிற்சாலையிலிருந்து வரும் சுவிட்ச் அனைவரையும் நம்பும் இயல்போடு வருகிறது. யாரை நம்பலாம், எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை அதற்குச் சொல்லிக் கொடுப்பதே பாதுகாப்பான அமைப்பு என்பதன் பொருள். பச்சை விளக்கு எரிவதற்கு முன்பே அந்தப் பணியின் பெரும்பகுதி முடிந்திருக்க வேண்டும்.

வங்கியின் இதழில் இதைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். ஊழியர்களின் சம்பளப் பட்டியல், சரக்கு கொடுத்தவர்களுக்கான பணம், ஜி.எஸ்.டி. செலுத்துதல் ஆகிய அனைத்தும் இன்று கணக்குப் பிரிவின் ஒரு கணினியிலிருந்து புறப்படுகின்றன. வங்கியின் எல்லைக்குள் அந்தக் கட்டளையைக் காக்கும் பொறுப்பு எங்களுடையது. அது வங்கியை வந்தடையும் முன்பு கடக்கும் முதல் வாயில் உங்கள் அலுவலகச் சுவிட்ச். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேரும் அங்கீகாரமற்ற மின்னணுப் பரிவர்த்தனையின் இழப்பை, அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரே ஏற்க வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ஆம் நாளிட்ட சுற்றறிக்கையில் வகுத்தது. ஆகவே அந்த முதல் வாயிலின் காவல் உங்கள் பணத்தோடு நேரடியாகத் தொடர்புடையது.

ஒரு சிறு விளக்கம்: ஏ.டி.எம். பரிவர்த்தனைகளை வழிநடத்தும் அமைப்பையும் வங்கித் துறையில் ‘சுவிட்ச்’ என்பர். நாம் இங்கே பேசுவது அதைப் பற்றியன்று; அலுவலகக் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டியைப் பற்றி மட்டுமே.

சுவிட்ச் என்ன செய்கிறது?

கணினி, பிரிண்டர், கேமரா ஆகிய ஒவ்வொன்றுக்கும் தயாரிக்கும்போதே ‘மேக்’ முகவரி எனப்படும் ஓர் அடையாள எண் தரப்படுகிறது. எந்தப் போர்ட்டில் எந்த முகவரி இருக்கிறது என்பதைச் சுவிட்ச் தானாகவே கவனித்து, ஒரு பட்டியலாக வைத்துக்கொள்கிறது. ஒருவருக்கு வரும் தகவலை அவருடைய போர்ட்டுக்கு மட்டும் அனுப்புகிறது. கடிதத்தை உரிய வீட்டில் சேர்க்கும் தபால்காரரின் வேலை இது.

சுவிட்சுகளில் இரு வகை உண்டு. விலை குறைந்தவற்றில் மாற்றியமைக்க எதுவுமில்லை. செருகினால் இயங்கும், அவ்வளவே. நிறுவனங்களுக்குரிய ‘மேனேஜ்டு’ சுவிட்சில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனி விதி எழுதலாம். பணப் பரிமாற்றம் நடக்கும் அலுவலகம் இரண்டாம் வகையையே வாங்க வேண்டும். ஆனால் அதை வாங்கி, விதி எதுவும் எழுதாமல் செருகிவிட்டால், அதிக விலை கொடுத்து முதல் வகையை வாங்கியதற்கு ஒப்பாகும்.

இரண்டு நிகழ்வுகள்

2016 பிப்ரவரி தொடக்கத்தில், நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் வங்காளதேச மத்திய வங்கி வைத்திருந்த கணக்கிலிருந்து ஏறத்தாழ 95 கோடி டாலரை மாற்றுமாறு போலிக் கட்டளைகள் அனுப்பப்பட்டன. பெரும்பாலானவை தடுக்கப்பட்டன. இலங்கைக்குச் சென்ற 2 கோடி டாலர், பெறுநரின் பெயரில் இருந்த எழுத்துப் பிழையால் சந்தேகம் எழுந்து நிறுத்தப்பட்டது. பிலிப்பைன்ஸுக்குச் சென்ற 8.1 கோடி டாலர் பறிபோனது. வங்கியின் வலையமைப்பில் ஏறத்தாழ 10 டாலர் விலையுள்ள பழைய சுவிட்சுகளே பயன்படுத்தப்பட்டன என்றும், ஃபயர்வால் இல்லை என்றும் அந்நாட்டுக் காவல்துறையின் தடயவியல் அதிகாரி பின்னர்ச் செய்தியாளர்களிடம் தெரிவித்தார். பன்னாட்டுப் பணக்கட்டளைகளுக்கான கணினிகள் மற்றக் கணினிகளிலிருந்து உரியவாறு பிரித்து வைக்கப்படவில்லை. அத்தகைய சுவிட்சுகள் போதிய தடயம் விட்டுவைக்காததால், திருடர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கண்டறிவதும் கடினமாயிற்று. சுவிட்ச் ஒன்றே அந்தத் திருட்டுக்குக் காரணம் என்று கூற முடியாது. எனினும், உள்ளே நுழைந்தவரைத் தடுத்து நிறுத்தும் சுவர் அங்கே இல்லை என்பது தெளிவு.

இரண்டாவது நிகழ்வு 2018 ஏப்ரலில் நடந்தது. சிஸ்கோ சுவிட்சுகளில் ‘ஸ்மார்ட் இன்ஸ்டால்’ என்னும் வசதி உண்டு. புதிய சுவிட்சை எவரும் நேரில் போய் அமைக்க வேண்டியதின்றி, தொலைவிலிருந்தே அமைப்பதற்காக ஏற்படுத்தப்பட்டது அது. பல மாடல்களில் அது தொடக்கத்திலேயே இயங்கும் நிலையில் இருந்தது. கட்டளையிடுபவர் யார் என்று சரிபார்க்கவும் இல்லை. அமைக்கும் பணி முடிந்தபின் அதை நிறுத்திவைக்கப் பலர் மறந்தனர். இணையத்திலிருந்து எட்டக்கூடிய சுவிட்சுகளைத் தேடிப் பிடித்த தாக்குநர்கள், அவற்றின் அமைப்பை அழித்து, அமெரிக்கக் கொடியின் உருவத்தை விட்டுச் சென்றனர். ஈரானில் மட்டும் ஏறத்தாழ 3,500 சுவிட்சுகள் பாதிக்கப்பட்டதாக அந்நாட்டு அரசு அறிவித்தது. குறையைச் சரிசெய்யும் மென்பொருளைத் தயாரிப்பாளர் அதற்குச் சில நாட்கள் முன்பே வெளியிட்டிருந்தார்.

முதல் நிகழ்வு பிரித்து வைக்காததன் விளைவையும், இரண்டாவது நிகழ்வு தொழிற்சாலை அமைப்பை அப்படியே விட்டதன் விளைவையும் காட்டுகின்றன. கீழே வரும் படிகள் எல்லாம் இவ்விரண்டுக்குமான மருந்துகளே.

வாங்கும்போது

அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடமே வாங்குங்கள். பெட்டியின் முத்திரை உடையாதிருக்கிறதா என்று பாருங்கள். சுவிட்சின் மேல் உள்ள வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் சரிபாருங்கள். போலிச் சுவிட்சுகள் அசலைப் போலவே இயங்கக்கூடியவை. பின்லாந்தின் எஃப்-செக்யூர் நிறுவனம் 2020இல் ஆராய்ந்து வெளியிட்ட போலிச் சுவிட்சுகள், மென்பொருளைப் புதுப்பித்தபின் செயலிழந்ததால்தான் பிடிபட்டன. அதுவரை அவற்றைப் பயன்படுத்தியவர்களுக்கு ஐயம் எழவில்லை.

அந்த மாடலுக்கு எந்த ஆண்டு வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்றும் கேளுங்கள். தள்ளுபடி விலையில் கிடைக்கும் மாடல், ஆதரவுக் காலம் முடியும் தறுவாயில் இருக்கலாம்.

முதலில் மேசையில், பிறகே வலையமைப்பில்

புதிய சுவிட்சை நேரடியாக வலையமைப்பில் செருகக்கூடாது. தனியே மேசையில் வைத்து, ‘கன்சோல்’ கேபிள் வழியாக ஒரு மடிக்கணினியோடு மட்டும் இணைத்து, மூன்று வேலைகளை முடிக்க வேண்டும்.

முதலாவது, ஃபார்ம்வேர் எனப்படும் உள்மென்பொருளைப் புதுப்பித்தல். பெட்டி கிடங்கில் பல மாதங்கள் இருந்திருக்கும். அதற்குள் குறைகள் கண்டறியப்பட்டிருக்கும். புதிய பதிப்பைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டுமே இறக்க வேண்டும். அங்கே தரப்பட்டுள்ள சரிபார்ப்புக் குறியீடு, இறக்கிய கோப்பின் குறியீட்டோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே ஏற்ற வேண்டும்.

இரண்டாவது, தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றுதல். ‘அட்மின்’ போன்ற தொடக்கப் பெயர்களும் கடவுச்சொற்களும் தயாரிப்பாளரின் கையேட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். கையேடு இணையத்தில் எவருக்கும் கிடைக்கும். நீளமான புதிய கடவுச்சொல் வேண்டும். சுவிட்சை நிர்வகிப்போர் இருவர் என்றால் இருவருக்கும் தனித்தனிப் பயனர் பெயர் வேண்டும். அப்போதுதான் எந்த மாற்றத்தை யார் செய்தார் என்பது பதிவேட்டில் நிற்கும். வங்கியின் பாதுகாப்பு அறை ஒரே அலுவலரின் சாவியால் திறக்காது. இருவர் வந்தாக வேண்டும். அதே எண்ணத்தில், முதன்மைக் கடவுச்சொல்லை முத்திரையிட்ட உறையில் வைத்து நிறுவனத் தலைமையிடம் ஒப்படைக்கலாம். பொருத்தியவருக்கு மட்டுமே தெரிந்த கடவுச்சொல், உங்கள் வீட்டின் ஒரே சாவி அடுத்த தெருக்காரரிடம் இருப்பது போன்றது.

மூன்றாவது, தேவையற்ற சேவைகளை நிறுத்துதல். ‘ஸ்மார்ட் இன்ஸ்டால்’ போன்ற தொலைநிலை வசதிகள் உங்களுக்குத் தேவையில்லையெனில் அவை இயங்கக்கூடாது.

நிர்வாக வாயில்

சுவிட்சைப் பின்னாளில் மாற்றியமைக்க, வலையமைப்பின் வழியாக அதனுள் நுழைவார்கள். அதற்கான பழைய முறை ‘டெல்நெட்’. அதில் கடவுச்சொல் உட்பட அனைத்தும் மறைப்பின்றிச் செல்லும். வழியில் ஒட்டுக்கேட்பவர் அப்படியே படித்துவிடலாம். ஃபின்லாந்தின் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் அவ்வாறு கடவுச்சொற்கள் திருடப்பட்டதைத் தொடர்ந்து, அங்கிருந்த தாத்து யூலோனன் 1995இல் ‘எஸ்.எஸ்.எச்.’ என்னும் மறையாக்க முறையை உருவாக்கினார். அது வந்து பல பத்தாண்டுகள் ஆகியும், டெல்நெட்டைத் திறந்து வைத்திருக்கும் சாதனங்கள் இன்னும் உண்டு. டெல்நெட்டை மூடி, எஸ்.எஸ்.எச். மட்டும் இயங்கச் செய்ய வேண்டும். உலாவி வழியாக நிர்வகிப்பதாயின் மறையாக்கமுள்ள ‘எச்.டி.டி.பி.எஸ்.’ மட்டுமே அனுமதிக்கப்பட வேண்டும்.

சாதனங்களின் நலத்தைக் கண்காணிக்க உதவும் ‘எஸ்.என்.எம்.பி.’ என்னும் சேவையும் கவனத்துக்குரியது. அதன் பழைய பதிப்புகளில் ‘பப்ளிக்’, ‘பிரைவேட்’ என்னும் சொற்களே கடவுச்சொற்களாக வருவது வழக்கம். தேவையில்லையெனில் அதை நிறுத்துங்கள். தேவையெனில் மறையாக்கமுள்ள மூன்றாம் பதிப்பைப் பயன்படுத்துங்கள்.

எந்தக் கணினியிலிருந்தும் நிர்வாக வாயிலைத் தட்ட முடியும் என்ற நிலையும் கூடாது. நிர்வகிப்போரின் கணினிகளை மட்டும் அனுமதிக்கும் விதியை எழுதிவிட வேண்டும்.

ஒரே கூடம் அல்ல, தனித்தனி அறைகள்

தொழிற்சாலை அமைப்பில் சுவிட்சின் எல்லாப் போர்ட்டுகளும் ஒரே கூடத்தில் இருக்கின்றன. வரவேற்பறையில் இருக்கும் பொது இணைப்பு, வாசலில் உள்ள கேமரா, கணக்காளரின் கணினி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எட்டிவிடும். விலை மலிவான ஒரு கேமராவின் குறையைப் பயன்படுத்தி உள்ளே வருபவர், அடுத்த அடியில் கணக்காளரின் கணினியைத் தட்டலாம்.

‘வி-லேன்’ என்னும் வசதி, ஒரே சுவிட்சுக்குள் தனித்தனி அறைகளை எழுப்புகிறது. அறுபது பேர் பணிபுரியும் ஓர் அலுவலகத்துக்குப் பொதுவாக ஐந்து அறைகள் போதும்: பணப் பரிமாற்றம் செய்யும் கணினிகளுக்கு ஒன்று, மற்ற ஊழியர்களுக்கு ஒன்று, கேமரா, வருகைப்பதிவுக் கருவி போன்றவற்றுக்கு ஒன்று, விருந்தினர் வைஃபைக்கு ஒன்று, சுவிட்சின் நிர்வாகத்துக்கு ஒன்று.

அறைகளை எழுப்பிய பின் செய்யப்படும் பெரிய பிழை, அனைத்துக்கும் இடையே கதவுகளைத் திறந்து விடுவது. ரூட்டரோ உயர்வகைச் சுவிட்சோ வி-லேன்களுக்கிடையே தடையின்றித் தகவலைக் கடத்தினால், பிரித்ததன் பயனில்லை. அறைகளுக்கிடையே செல்லும் அனைத்தும் ஃபயர்வால் விதிகளைக் கடந்தே செல்ல வேண்டும். ‘முதலில் எதையும் அனுமதிக்காதே, தேவையானதை மட்டும் ஒவ்வொன்றாக அனுமதி’ என்பதே அவ்விதிகளின் அடிப்படை. விருந்தினர் வைஃபைக்கு இணையம் போதும். அலுவலகத்தின் வேறெதையும் அது காணவேண்டியதில்லை.

ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு காவல்

பயன்படாத போர்ட்டுகள் அனைத்தையும் மூடிவைக்க வேண்டும். 24 போர்ட்டுகளில் 15 மட்டுமே பயன்பட்டால், எஞ்சிய 9ஐயும் நிறுத்தி, எங்கும் இட்டுச்செல்லாத ஒரு தனி வி-லேனில் போட்டுவைப்பது நல்லது. கூட்ட அறையின் சுவரில் எவரும் கவனிக்காத இணைப்புத் துளையே வெளியாருக்கு வசதியான வாசல்.

பயன்படும் போர்ட்டுகளுக்கு ‘போர்ட் செக்யூரிட்டி’ என்னும் விதி உண்டு. ஒரு போர்ட்டில் எத்தனை சாதனங்கள் பேசலாம் என்று வரையறுத்தால், அதற்கு மேல் வருபவை தடுக்கப்படும். பொய்யான முகவரிகளை ஆயிரக்கணக்கில் அனுப்பிச் சுவிட்சின் பட்டியலை நிரப்பி, அனைவரின் தகவலையும் எல்லாப் போர்ட்டுகளுக்கும் கசியவைக்கும் தாக்குதலும் இதனால் முறியும். மேக் முகவரியைப் போலியாகக் காட்ட முடியும் என்பதால் இது முழுக் காவலன்று. இணைவோர் ஒவ்வொருவரையும் அடையாளம் கேட்டு அனுமதிக்கும் ‘802.1எக்ஸ்’ முறை இன்னும் உறுதியானது. பெரிய அலுவலகங்கள் அதை மேற்கொள்ளலாம்.

அடுத்தது ‘டி.எச்.சி.பி. ஸ்னூப்பிங்’. புதிதாக இணையும் கணினிக்கு வலையமைப்பு முகவரியையும், இணையத்துக்குச் செல்லும் வழியையும் தருவது டி.எச்.சி.பி. சர்வர். ஊழியர் ஒருவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த வைஃபை ரூட்டரைத் தவறான போர்ட்டில் செருகினாலே, அதுவும் முகவரி வழங்கத் தொடங்கி, அலுவலகத்தில் பாதிப் பேருக்கு இணையம் நின்றுவிடும். அதையே தீய நோக்குடையவர் செய்தால், “இணையத்துக்கு வழி நான்தான்” என்று கூறி, உங்கள் கணினிகளின் போக்குவரத்தைத் தம் வழியே திருப்பிக்கொள்வார். உண்மையான சர்வர் இருக்கும் போர்ட்டைத் தவிர மற்றவற்றிலிருந்து முகவரி வழங்குவதை இவ்வசதி தடுக்கிறது. இதனோடு ‘டைனமிக் ஏ.ஆர்.பி. இன்ஸ்பெக்‌ஷன்’ என்பதையும் இயக்கினால், ஒரு கணினி இன்னொன்றின் பெயரில் நடிப்பது தடுக்கப்படும். வங்கியின் பக்கத்தைத் திறக்கும்போது பாதுகாப்புச் சான்றிதழ் பற்றிய எச்சரிக்கை உலாவியில் தோன்றினால், அதைத் தாண்டிச் செல்லாமல் உடனே நிறுத்துங்கள் என்று நாங்கள் வலியுறுத்துவதற்கு இத்தகைய திசைதிருப்பலும் ஒரு காரணம்.

தீய நோக்கமே இல்லாத விபத்தும் உண்டு. ஒரே கேபிளின் இரு முனைகளையும் எவரோ இரு போர்ட்டுகளில் செருகிவிட்டால், தகவல்கள் வட்டமடித்துப் பெருகி, முழு அலுவலகமும் நின்றுவிடும். இதைத் தடுக்க ரேடியா பெர்ல்மன் 1985இல் வகுத்த ‘ஸ்பானிங் ட்ரீ’ முறையும், ஊழியர் போர்ட்டுகளில் ‘பி.பி.டி.யு. கார்டு’ என்னும் துணை விதியும் இயங்க வேண்டும்.

பதிவேடும் கடிகாரமும்

எவர் நுழைந்தார், எந்தப் போர்ட் எப்போது இணைந்தது, எந்த விதி மாற்றப்பட்டது என்பவற்றைச் சுவிட்ச் பதிவு செய்யும். ஆனால் அதன் நினைவகம் சிறியது; மின்சாரம் போனால் பதிவுகள் அழிந்துவிடலாம். எனவே அவற்றை வேறொரு கணினிக்கு உடனுக்குடன் அனுப்பச் செய்ய வேண்டும். கடிகாரம் பிழையாக இருந்தால் பதிவேட்டின் மதிப்புக் குறையும். இந்தியக் கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட ஆணைகள் நிறுவனங்களுக்கும் பொருந்துவன. அவற்றின்படி, பதிவுகளை 180 நாட்கள் காக்க வேண்டும். கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசைக்க வேண்டும். குறிப்பிட்ட வகை இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

சேமித்தல், பூட்டுதல், அழித்தல்

பல சுவிட்சுகளில் இப்போது இயங்கும் அமைப்பு வேறு, சேமிக்கப்பட்ட அமைப்பு வேறு. இத்தனை விதிகளையும் எழுதிவிட்டுச் சேமிக்க மறந்தால், முதல் மின்வெட்டிலேயே அவை மறைந்துவிடும். பச்சை விளக்குகள் மட்டும் மீண்டும் எரியும். எனவே பணி முடிந்ததும் சேமித்து, ஒருமுறை சுவிட்சை அணைத்து இயக்கி, விதிகள் நிலைத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அமைப்பின் நகலொன்றைச் சுவிட்சுக்கு வெளியே பாதுகாப்பாக வைக்க வேண்டும். அதில் கடவுச்சொற்களும் இருக்கக்கூடும் என்பதால், அதைச் சாதாரண மின்னஞ்சலில் அனுப்பக்கூடாது.

சுவிட்சைத் தொடக்கூடியவர், அதை ‘ரீசெட்’ செய்து எல்லா விதிகளையும் அழித்துவிடலாம். ஆகவே அது பூட்டிய ராக்கில் இருக்க வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தக்காரர் மாறும்போதும், பொறுப்பாளர் பணியிலிருந்து விலகும்போதும் கடவுச்சொற்களை மாற்ற வேண்டும்.

கழற்றிய பழைய சுவிட்சையும் மறவாதீர்கள். பழைய பொருள் வாங்குவோரிடம் அதைக் கொடுக்கும் முன், அதிலுள்ள அமைப்பை முற்றிலும் அழிக்க வேண்டும். ஈசெட் என்னும் பாதுகாப்பு நிறுவனம் பழைய ரூட்டர்களை வாங்கிச் சோதித்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டவற்றில் முந்தைய உரிமையாளரின் தகவல்கள் அழிக்கப்படாமல் இருந்தன.

கையொப்பமிடும் முன்

பில்லில் கையொப்பமிடும் முன், பொருத்தியவரிடம் இவற்றை எழுத்தில் பெறுங்கள்:

1. ஏற்றப்பட்ட ஃபார்ம்வேரின் பதிப்பு எண், தேதி.
2. தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்பட்டது என்ற உறுதி. நிர்வாக உரிமை உள்ளோரின் பட்டியல்.
3. நிறுத்தப்பட்ட சேவைகளின் பட்டியல்.
4. எந்தப் போர்ட் எந்த அறைக்கு, எந்த வி-லேனில் என்னும் அட்டவணை. மூடப்பட்ட போர்ட்டுகளின் எண்கள்.
5. பதிவுகள் எங்கே செல்கின்றன, கடிகாரம் எதனோடு ஒத்திசைகிறது என்னும் குறிப்பு.
6. சேமித்த அமைப்பின் நகல்.

இதற்கு அரைமணி நேரம் போதாது. அரை நாளேனும் ஆகும். அதற்கான கூலியைக் கொடுத்துச் செய்வித்துக்கொள்வதே சிக்கனம். எவ்வளவு காத்தாலும் ஐயத்துக்குரிய பரிவர்த்தனை ஒன்று கண்ணில் பட்டால், உங்கள் வங்கிக் கிளைக்கு அந்த நிமிடமே தெரிவியுங்கள். 1930 என்னும் தேசிய இணையக்குற்ற உதவி எண்ணையும் அழையுங்கள்.

தொழில்நுட்பம் அறியாதவரும் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. பொருத்தியவர் விடைபெறும் முன், அலுவலகத்தைச் சேராத ஒரு மடிக்கணினியை வரவேற்பறையின் சுவர் இணைப்பில் அவரைக் கொண்டே செருகச் சொல்லுங்கள். அதிலிருந்து கணக்குப் பிரிவின் கணினியையோ பிரிண்டரையோ எட்ட முடிகிறதா என்று அவர் உங்கள் கண்முன்னே முயன்று காட்டட்டும். எட்ட முடிந்தால், பச்சை விளக்கு எரிந்தாலும் வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள்.